வெண்பாறை ஆறுகளும் ஈத் தூண்டிலும்

மீன் பிடித்தல் பசியிலே பிறந்த தொழில். அது பொழுதுபோக்காகவும், பின்னர் நுண்கலையாகவும், இறுதியில் சட்டமும் சம்பிரதாயமும் சூழ்ந்த ஒரு தனி உலகமாகவும் வளர்ந்த கதை, இங்கிலாந்தின் தென்பகுதியில் ஓடும் சில சிற்றாறுகளின் கரையில் நிகழ்ந்தது. டிரவுட் என்னும் மீனைப் போலி ஈயால் பிடிக்கும் இக்கலை, செல்வர்களின் விளையாட்டுத்தானே என்று நாம் ஒதுக்கிவிடலாம். ஆனால் அதன் வரலாற்றைத் துருவிப் பார்த்தால் இரண்டு பெரிய வினாக்கள் தலைதூக்குகின்றன. ஓடும் ஆறு யாருக்குச் சொந்தம்? ஆற்றைப் பற்றிய அறிவு யாருக்குச் சொந்தம்?

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தமிழ் இலக்கண மரபு. இக்கலையையும் அவ்வரிசையிலேயே காண்போம்.

நிலம்

ஹேம்ப்ஷயர் மாநிலத்தில் டெஸ்ட், இட்சன் என்ற இரு ஆறுகள் உள்ளன. இரண்டும் சௌதாம்ப்டன் அருகே கடலை அடைகின்றன. இவற்றின் பிறப்பிடம் வெண்பாறை நிலம். முற்காலத்தில் பள்ளிக்கூடங்களில் கரும்பலகையில் எழுதப் பயன்பட்ட சுண்ணக்கட்டி இப்பாறையிலிருந்தே செய்யப்பட்டது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து இறுகியதால் உண்டானது இது.

மழைநீர் இப்பாறையில் பஞ்சில் ஊறுவதுபோல் ஊறி, மெல்ல வடிந்து, பின்னர் ஊற்றாய்ப் பொங்குகிறது. ஆகவே இவ்வாறுகள் மழைக்குப் பெரிதும் கலங்குவதில்லை. கோடையில் எளிதில் வற்றுவதுமில்லை. ஊற்று நீரின் வெப்பம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 10 அல்லது 11 சென்டிகிரேட் பாகை அளவிலே நிற்கிறது. அடியிலுள்ள கூழாங்கல்லை எண்ணலாம், அத்துணைத் தெளிவு. சுண்ணச் சத்து மிகுந்த நீரில் பாசியும் கொடியும் செழிக்கின்றன. அவற்றை அண்டிப் பூச்சிகள் பெருகுகின்றன. பூச்சிகளைத் தின்று டிரவுட் கொழுக்கிறது. உலகிலுள்ள இத்தகைய ஆறுகளில் மிகப் பெரும்பாலானவை இங்கிலாந்திலேயே இருக்கின்றன.

பொழுது

தூண்டில்காரன் கொக்கியில் இறகு, உரோமம், பட்டு நூல் ஆகியவற்றைச் சுற்றி ஈயைப்போல் ஒன்று கட்டுகிறான். மீன் அன்று எந்தப் பூச்சியைத் தின்கிறதோ, அதன் சாயலில் போலி ஈ அமைதல் வேண்டும். ஆகவே அவனுக்குப் பெரும்பொழுதும் சிறுபொழுதும் தெரிந்திருத்தல் இன்றியமையாதது.

இவ்வறிவு பழமையானது. 1496ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அச்சான ஒரு தூண்டில் நூலில், மார்ச்சு முதல் ஆகஸ்டு வரை மாதவாரியாகப் பன்னிரண்டு ஈக்கள் கூறப்படுகின்றன. 1653இல் ஐசக் வால்டன் எழுதிய புகழ்பெற்ற தூண்டில் நூலுக்கு, 1676இல் சார்லஸ் காட்டன் ஒரு பகுதி சேர்த்தபோது மாதந்தோறும் உரிய ஈக்களின் பட்டியலை மேலும் விரித்தார்.

வெண்பாறை ஆறுகளில் ஏப்ரல் மாதத்தில் நண்பகலை ஒட்டிக் கருநிறச் சிறு ஈக்கள் எழுகின்றன. மே மாத நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரை ‘மே ஈ’யின் காலம். இது சேற்றில் ஏறத்தாழ இரண்டாண்டு புழுவாய்க் கிடந்து, சிறகு பெற்று எழுந்து, உணவே உண்ணாமல் ஓரிரு நாளில் இணைந்து, முட்டையிட்டு மடிகிறது. அக்காலத்தில் பெருமீன்களும் அச்சம் மறந்து மேலே வருமாதலால், அதனைக் ‘கற்றுக்குட்டியின் இருவாரம்’ என்று கேலியாகக் குறிப்பிடுவர். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் பகல் ஓய்ந்து, மாலை மங்கிய பிறகே மீன் இரை தேடும். குளிர்காலம் மீன் முட்டையிடும் பருவம். அப்போது சட்டப்படி தூண்டில் கூடாது.

உரிமை

இங்கிலாந்தின் பழஞ்சட்டப்படி, ஓடும் நீர் யாருக்கும் உடைமையன்று. அதில் நீந்தும் மீனும் பிடிபடும்வரை யாருக்கும் உடைமையன்று. ஆனால் கடலலை எட்டாத ஆற்றில் மீன் பிடிக்கும் உரிமை, கரைநிலம் உடையவனுக்கு நடு ஆறுவரை உண்டு. அவ்வுரிமையை விற்கலாம், வாடகைக்கும் விடலாம். நீரும் மீனும் பொது. தூண்டில் வீசும் உரிமை தனி. இந்நுட்பமான ஏற்பாடுதான் ஆற்றங்கரைக்கு வேலி போட்டது.

1822இல் டெஸ்ட் ஆற்றங்கரையிலுள்ள ஸ்டாக்பிரிட்ஜ் என்னும் சிற்றூரில் ஹௌட்டன் சங்கம் தோன்றியது. விரல்விட்டு எண்ணக்கூடிய உறுப்பினர்களைக் கொண்டு தொடங்கிய இச்சங்கம் இன்றுவரை நிலவுகிறது. பிடித்த மீனையும், வானிலையையும், ஈயையும் தொடக்க முதலே குறித்து வைத்த அதன் ஏடுகள் அரிய இயற்கைப் பதிவுகளாகும். ஊரார் எட்டி நின்று பார்த்தனர் என்பதும் அவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

கொள்கைப் போர்

1879இல் பிரடெரிக் ஹால்போர்டு என்பவர், ஈக்களை நன்கறிந்த ஜார்ஜ் மாரியட்டை வின்செஸ்டர் நகரில் சந்தித்தார். இருவரும் கூடி ஆராய்ந்ததன் பயனாக 1886இலும் 1889இலும் ஹால்போர்டின் நூல்கள் வெளிவந்தன. நீரின்மேல் மிதக்கும் உலர் ஈயை, மேலெழுந்து உண்ணும் மீனுக்கு, மேல்நோக்கியே வீச வேண்டும் என்பது அவர் நெறி. சீடர்கள் அந்நெறியைச் சட்டமாக்கினர். பல ஆறுகளில் பிறமுறைகள் தடுக்கப்பட்டன.

லண்டன் வழக்கறிஞரான ஸ்கியூஸ் என்பவர் 1883 முதல் இட்சன் ஆற்றில் தூண்டிலிட்டு வந்தவர். மீன் உண்ணும் இரையில் பெரும்பகுதி நீருக்குள்ளேயே இருக்கும் சிறகு முளைக்காத பூச்சி என்பதைக் கண்டு, அதைப் போன்ற போலியை நீருக்குள் விடலாம் என்று 1910இல் எழுதினார். மரபுவாதிகள் சினந்தனர். 1938இல் இதற்கென்றே லண்டனில் ஒரு விவாதக் கூட்டம் நடந்தது. அவ்வாண்டோடு, எண்பது வயதை எட்டிய ஸ்கியூஸ் அரைநூற்றாண்டாகப் பழகிய அந்த ஆற்றைவிட்டு விலகினார். பிற்காலம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. ஒருவர் உற்றுநோக்கிக் கண்டது, அடுத்த தலைமுறையில் கேள்வி கேட்கக்கூடாத மரபாகிவிடுவது தூண்டிலுக்கு மட்டும் உரிய விபத்தன்று.

ஆற்றுக் காவலர்

மேற்கூறிய பெயர்கள் அனைத்தும் தூண்டில் பிடித்த கனவான்களின் பெயர்கள். ஆற்றை ஆறாக வைத்திருந்தவர்கள் வேறு. வெண்பாறை ஆறு தானே செழித்து நிற்பதில்லை. நீர்க்கொடியை அரிவாள் கொண்டு அறுக்க வேண்டும். அளவுக்கு மேல் அறுத்தால் பூச்சி அழியும், அறுக்காவிட்டால் நீர் தேங்கும். அறுத்த கொடி கீழேயுள்ளவர்களின் தூண்டிலைக் கெடுக்கும் என்பதால், டெஸ்ட் ஆற்றில் கொடியறுப்புக்கு முன்கூட்டியே நாள் குறிப்பது வழக்கம். இப்பணிகள் யாவும் சம்பளத்துக்கு உழைத்த ஆற்றுக் காவலருடையவை. எந்த வளைவில், எந்த நேரத்தில், எந்த மீன் எழும் என்று கனவானின் அருகில் நின்று வழிகாட்டியவரும் அவரே.

அவர்களுள் பெயர் நிலைத்தவர் வில்லியம் லன். 1887இல் ஹௌட்டன் சங்கத்தில் காவலராய்ச் சேர்ந்து 1932வரை பணியாற்றினார். சில வகை ஈக்கள் நீருக்குள் இறங்கிப் பாலக் கால்களில் முட்டையிடுவதையும், வேறொரு பூச்சியின் புழு ஊர்ந்துவந்து அம்முட்டைகளைத் தின்பதையும் கண்டார். உடனே மிதக்கும் பலகைகளைக் கட்டிவிட்டார். ஈக்கள் பலகையின் அடியில் முட்டையிட்டன; புழுக்களால் அங்கே ஏற முடியவில்லை. எளிய பலகைதான், ஆனால் பலநாள் குனிந்து பார்த்த கண்ணின் பயன் அது. அவர் கட்டிய போலி ஈ ஒன்று இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அவருக்குப் பின் மகனும் பேரனும் அதே பணியில் இருந்தனர். 1934இல் சங்க உறுப்பினர் ஹில்ஸ் என்பவர் லன்னின் வாழ்க்கையை நூலாக எழுதினார். அவர் எழுதியிராவிட்டால், லன்னின் அறிவில் எவ்வளவு நமக்குக் கிட்டியிருக்கும்? நூல் பெறாத காவலர்கள் எத்தனை பேர்?

கடல் கடந்த முட்டைகள்

1864இல் பாசியில் பொதிந்து பனிக்கட்டியிடையே வைத்த மீன் முட்டைகளோடு ‘நார்போக்’ என்னும் கப்பல் ஆஸ்திரேலியா சென்றது. அவற்றுள் இட்சன் ஆற்று டிரவுட் முட்டைகளும் இருந்தன. டாஸ்மேனியாவில் அவை பொரித்தன. அங்கிருந்து 1867இல் நியூசிலாந்து சென்றன. இலங்கை நுவரெலியாவிலும் நீலகிரியிலும் வெள்ளையர் டிரவுட்டைப் புகுத்தியது இதே ஆசையின் தொடர்ச்சி. புதிய ஆறுகளில் முன்பிருந்த சிறுமீன்கள் பல இடங்களில் இவ்விருந்தாளிக்கு இரையாயின என்பதையும் சொல்லாமல் விடலாகாது.

இன்று வெண்பாறை ஆறுகளில் கட்டணம் செலுத்தி, வழிகாட்டியுடன் ஒருநாள் தூண்டிலிட யாரும் செல்லலாம். மே ஈக் காலத்தில் கட்டணம் ஏறும். ஆனால் வேலிக்கு அப்பாலிருந்து வேறு துன்பம் வந்துள்ளது. நகரங்களின் தேவைக்காக நிலத்தடி நீர் மிகுதியாக உறிஞ்சப்படுகிறது, கழிவும் கலக்கிறது. டெஸ்ட், இட்சன் ஆறுகளிலிருந்து நீரெடுக்கும் உரிமங்களை 2019இல் அரசு இறுக்க வேண்டியதாயிற்று. கரைக்கு உரிமையாளர் உண்டு; ஊற்றுக்கு வேலி இல்லை.

ஆற்றை வாங்கியவர் பெயர் பத்திரத்தில் இருக்கிறது. ஆற்றை அறிந்தவர் பெயர் யாராவது எழுதினால்தான் இருக்கும். வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள், பத்திரத்தோடு பலகையையும் மாணவர்களுக்குக் காட்டுவார்களாக.