எந்தக் கடிகாரம் ஸ்லோ?

ஒரு தியரியைப் புத்தகம் போட்டு ஊருக்கே விளக்கிய வாத்தியார், திடீரென்று ஒருநாள் ‘அது தப்பு!’ என்று கிளம்பினால்?

இங்கிலாந்தில் அது நடந்தது. ஹெர்பர்ட் டிங்கிள் லேசுப்பட்ட ஆசாமி இல்லை. ராயல் வானியல் சங்கத்தின் தலைவராக இருந்தவர். ஐன்ஸ்டீனின் சார்பியல் தத்துவம் பற்றி 1922-லேயே சாமானியர்களுக்காகப் புத்தகம் எழுதியவர். அவரேதான் பிற்பாடு கட்சி மாறினார்!

அவர் கேட்டது ரொம்ப எளிமையான கேள்வி. நகரும் கடிகாரம் மெதுவாகத் துடிக்கும் என்றது ஐன்ஸ்டீனின் 1905-ஆம் வருஷக் கட்டுரை. சரி, ‘ரயில் கடிகாரம் ஸ்லோ’ என்பார் ஸ்டேஷன் மாஸ்டர். ரயிலில் இருப்பவருக்கோ ஸ்டேஷன்தான் பின்னால் ஓடுகிறது. அதனால் அவர், ‘ஸ்டேஷன் கடிகாரம்தான் ஸ்லோ’ என்பார். இரண்டு பேர் சொல்வதும் எப்படி ஐயா சரியாகும்?

1967-ல் ‘நேச்சர்’ இதழில் இதற்குப் பதில் எழுதினார் வில்லியம் மெக்ரே. விஷயம் இதுதான்... ரயில் கடிகாரத்தைச் சோதிக்க ஒரு ஸ்டேஷன் கடிகாரம் போதாது. ரயில் நிற்காமல் போய்விடுகிறதே! அடுத்த ஸ்டேஷனிலும் ஒன்று வேண்டும். இரண்டையும் ஒரே நேரம் காட்ட வைக்க வேண்டும். எப்படி? நட்டநடுவிலிருந்து ஒரு விளக்கை மின்ன விட்டு, வெளிச்சம் வந்து சேர்ந்ததும் இரண்டையும் ஓட விடலாம்.

இங்கேதான் சிக்கல். ரயில்காரர் பார்வையில், அடுத்த ஸ்டேஷன் வெளிச்சத்தை எதிர்கொண்டு வருகிறது. முதல் ஸ்டேஷன் விலகி ஓடுகிறது. ஆகவே, ‘உங்க ரெண்டாவது கடிகாரம் முன்னாடியே கிளம்பிடுச்சு. என் மேல பழி போடாதீங்க!’ என்பார் அவர். ரயிலுக்குள் இரண்டு கடிகாரம் வைத்து அவர் சோதித்தால், ஸ்டேஷன் மாஸ்டரும் அதே ஆட்சேபம் கிளப்புவார். முரண்பாடே இல்லை. ‘ஒரே நேரம்’ என்பது ஆளுக்கு ஆள் வேறு, அவ்வளவுதான்!

டிங்கிள் ஏற்கவில்லை. ‘நேர்மையாகப் பதில் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்’ என்று விஞ்ஞானிகள் மேல் குற்றம்சாட்டி 1972-ல் தனிப் புத்தகமே எழுதினார். 1977-ல் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில், வளையத்துக்குள் அதிவேகமாகச் சுற்றிய ம்யூவான் துகள்களின் ஆயுள் சுமார் 29 மடங்கு நீண்டது. தியரி சொன்ன அதே கணக்கு! மறுவருஷம் டிங்கிள் காலமானார்.

கேள்வி கேட்டது தப்பே இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு பழைய நம்பிக்கை ஒளிந்திருந்தது. எல்லோருக்கும் பொதுவாக ஒரே ‘இப்போது’ உண்டு என்ற நம்பிக்கை. அதை மட்டும் அவர் கடைசி வரை சந்தேகிக்கவில்லை.