மின்வாகனக் கட்டுப்பாட்டு வலையமைப்பு

மின்வாகனத்தின் பேட்டரி, மோட்டார், சார்ஜர், முகப்புத்திரை ஆகியவற்றின் கட்டுப்பாட்டுக் கருவிகளை இணைக்கும் அமைப்பு. பெரும்பாலும் பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய ‘கேன்’ முறையே இதற்கு அடிப்படை. முறுக்கிய இரு கம்பிகள், இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை, வெளிப்பார்வைக்கு அவ்வளவுதான். நுட்பமெல்லாம் முன்னுரிமையில் இருக்கிறது. இரு கருவிகள் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பினால், சிறிய அடையாள எண் கொண்டது சிதையாமல் முந்தும். மற்றது காத்திருந்து மீண்டும் முயலும். ஆகவே எந்தச் செய்திக்கு எந்த எண் என்பது வடிவமைப்பில் மிகக் கவனமாக எடுக்கவேண்டிய முடிவு: பேட்டரிச் சூட்டு எச்சரிக்கை, திரையின் கடிகாரத்துக்குப் பின்னால் நிற்கக் கூடாது.