காராடும் கரிசலும்

கோவில்பட்டி, விளாத்திகுளம் வட்டாரத்தில் வளர்கிறது கன்னி ஆடு. உடம்பு நல்ல கறுப்பு. முகத்தின் இருபக்கமும் வெள்ளைக் கோடு. இதைப் பொதுவாக என்ன ஆடு என்று கேட்டால் ‘வெள்ளாடு’ என்றுதான் பதில் வரும். ஆகாத சொல்லுக்குப் பதில் நல்ல சொல்லைச் சொல்வதை இலக்கணப் புத்தகம் மங்கல வழக்கு என்கிறது. அதற்குக் காட்டுகிற உதாரணமும் இதுவே: காராடு வெள்ளாடு ஆயிற்று, சுடுகாடு நன்காடு ஆயிற்று, செத்தவர் துஞ்சினார். கறுப்பு ஆகாது என்று ஆட்டின் பேரை மாற்றிய சம்சாரி, அதாவது விவசாயி, தன் மண்ணைக் ‘கரிசல்’ என்றே சொல்லி வந்திருக்கிறான். அங்கே அவனுக்குக் கூச்சமே இல்லை. பெய்த மழையின் ஈரத்தை விடாமல் பிடித்துவைத்து, பருத்தியும் சோளமும் கம்பும் விளைவித்துக் கொடுத்த கறுப்பு அல்லவா! வெறுப்பு சொல்லில் இல்லை, அதில் ஒட்டிக்கொண்ட நினைப்பில் இருக்கிறது என்பதற்கு இந்த மண்ணைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

வானம் பார்த்த பூமியில் வாய்ச்சொல்லுக்குப் பயம் அதிகம். களத்தில் தானியம் அளக்கிறவர் முதல் மரக்காலை ‘ஒண்ணு’ என்று எண்ணமாட்டார். ‘லாபம்’ என்பார், அடுத்தது ‘ரெண்டு’. விளக்கை ‘அணை’ என்று சொன்ன பிள்ளையைப் பாட்டி முறைப்பாள். ‘குளிர வை’ என்று சொல்ல வேண்டும். படியிறங்கும்போது ‘போறேன்’ என்றால் போச்சு, ‘போய்ட்டு வாரேன்’தான்.

சில சொற்களுக்கு நேர்ந்த கதி பரிதாபமானது. வீட்டில் தூங்கி வழிகிறவளைத் திட்டுகிற ‘மூதேவி’, திருமகளுக்கு மூத்தவளான தெய்வத்தின் பெயர். தவ்வை, சேட்டை என்றும் அவளைச் சொல்வார்கள். 8ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்துத் திருப்பரங்குன்றம் குடைவரையில் அவளுக்குத் தனிச் சன்னதியே குடைந்தார்கள். அப்புறம் கும்பிடுவது நின்றது. பெயர் வசவாகத் தங்கிவிட்டது.

மங்கலம் பயத்தில் பிறந்தது என்றால், சபையில் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்லும் இடக்கரடக்கல் வெட்கத்தில் பிறந்தது. தொல்காப்பியர் ‘அவையல் கிளவி’ என்பது இதைத்தான். நன்னூலார் இரண்டையும், ஒரு கூட்டத்தார் தமக்குள் பேசிக்கொள்ளும் குழூஉக்குறியோடு சேர்த்துத் தகுதி வழக்கில் வைத்தார். ஆனால் ஆயுளில் இரண்டும் ஒன்றல்ல. வெள்ளாடு இன்றும் வெள்ளாடுதான். வெட்கத்துக்குப் போர்த்திய சொல்லோ சீக்கிரம் நைந்துபோகிறது. ‘வெளிக்குப் போக’ என்பது ஒருகாலத்தில் மரியாதையான பேச்சு. டச்சுக்காரரிடமிருந்து வந்த ‘கக்கூஸ்’ என்ற சொல்லை இன்று சபையில் சொன்னால் முகம் சுளிப்பார்கள். கழிப்பறை வந்தது, பாத்ரூம் வந்தது, இப்போது ரெஸ்ட்ரூம். அதற்கும் நாள் எண்ணப்படுகிறது.

இடைசெவல் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டார வழக்குக்கென்று ஒரு சொல்லகராதி கொண்டுவந்தவர். ஊரார் கூச்சப்பட்ட பேச்சையும் கதையையும் அவர் ஒதுக்கவில்லை. அவரும் கழனியூரனும் சேர்ந்து தொகுத்த பாலியல் நாட்டார் கதைகளுக்கு ‘மறைவாய்ச் சொன்ன கதைகள்’ என்று பெயர். கதைகளுக்குள் மறைவு ஒன்றுமில்லை. இடக்கரடக்கல் அட்டையோடு சரி.