இந்தூர் மகாராஜாவின் டூசன்பர்க்கும் தோட்டத்து இரப்பரும்: ராசாவிலிருந்து ஒரு பார்வை

முன்னுரை

பழைய மகிழுந்து ஒன்றை மீளமைக்கும்போது எதைக் காப்பது, எதைக் கழித்துவிட்டுப் புதியதைப் பொருத்துவது என்னும் வினா ஒவ்வோர் உறுப்பிலும் எழுகின்றது. அவ்வினாவுக்குக் கிடைக்கும் விடைகளைத் தொகுத்துப் பார்த்தால், யாருடைய உழைப்பு பொருளோடு எஞ்சியது, யாருடையது எஞ்சவில்லை என்பதும் தெரியவரும். இக்கட்டுரை, 1936ஆம் ஆண்டில் இந்தூர் மகாராஜா இரண்டாம் யஷ்வந்த்ராவ் ஓல்க்கருக்காகப் பாடி கட்டப்பட்ட டூசன்பர்க் மகிழுந்தை எடுத்துக்கொண்டு, நெகிரி செம்பிலானில் சிரம்பானை அடுத்துள்ள ராசா வட்டாரத்துத் தோட்டங்களின் பக்கம் நின்று அதனை நோக்குகின்றது. ராசா என்னும் ஊர்ப்பெயர் தமிழ்ச் செவியில் அரசன் என்றே விழும். அந்த ஊரைச் சுற்றி வாழ்ந்த நம்மவரோ பால்மரம் வெட்டியவர்கள்.

மகிழுந்தின் வரலாறு

டூசன்பர்க் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் உருவான நிறுவனம். செருமனியில் பிறந்த ஃபிரெட், ஆகஸ்ட் என்னும் உடன்பிறந்தோரின் பெயரைத் தாங்கியது. 1926இல் எரெட் லோபன் கார்டு அதனை வாங்கி, உலகின் மிகச் சிறந்த மகிழுந்தைச் செய்துதருமாறு ஃபிரெட்டிடம் ஒப்படைத்தார். அதன் விளைவான 'ஜே' வகை 1928 டிசம்பரில் நியூயார்க் கண்காட்சியில் வெளியிடப்பட்டது. எட்டு உருளைகள் ஒரே வரிசையில் அமைந்த 6.9 லிட்டர் பொறி; நிறுவனம் அறிவித்த ஆற்றல் 265 குதிரைத்திறன். காற்றை அழுத்திச் செலுத்தும் கருவி பொருத்திய 'எஸ்ஜே' வகைக்கு 320 குதிரைத்திறன் என்றனர். 1937இல் நிறுவனம் மூடப்படும்வரை இவ்வரிசையில் ஏறத்தாழ 480 வண்டிகளே வெளிவந்தன.

நிறுவனம் விற்றது பொறியும் அடிச்சட்டகமும் மட்டுமே. பேருந்துக்கு 'பாடி கட்டுவது' என்று நம் மக்கள் வழங்கும் தொழில் இங்கே தனிக்கலையாக விளங்கியது. மரச்சட்டத்தின்மேல் அலுமினியத் தகட்டைக் கையால் தட்டி வளைத்துப் பொருத்தும் பட்டறைகள் அமெரிக்காவில் பல இருந்தன. மர்ஃபி, ரோல்ஸ்டன், லெபாரன் முதலியவை பெயர் பெற்றவை. சென்னையில் 1840இல் தோன்றிய சிம்சன் நிறுவனமும் குதிரை வண்டியில் தொடங்கி மோட்டார் வண்டிக்குப் பாடி கட்டும் நிலைக்கு வந்ததே. ஓல்க்கர் தம் வண்டிக்கு லண்டனின் ஜே. கர்னி நட்டிங் பட்டறையைத் தேர்ந்தார். ஏ. எஃப். மெக்நீல் வடிவமைத்தார். மிக நீண்ட அடிச்சட்டகத்தின்மேல் திறந்த வகைப் பாடி. செம்மஞ்சளும் கருமையும் கலந்த நிறம்.

ஓல்க்கரின் சுவையை இவ்வொரு வண்டியால் மட்டும் அளக்க இயலாது. 1908இல் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் பயின்ற அவர், எக்கார்ட் முத்தேசியுஸ் என்னும் செருமானியக் கட்டடக் கலைஞரைக் கொண்டு மாணிக் பாக் அரண்மனையை 1930களின் தொடக்கத்தில் கட்டுவித்தார். பிரான்குசியின் சிற்பங்களை வாங்கினார். கலை வரலாற்றாசிரியர்கள் அவரை நவீனத்துவத்தின் புரவலர் என்று போற்றுவது பொருத்தமே. 1948இல் இந்தூர் மத்திய பாரதத்துடன் இணைந்தது. 1961இல் அவர் மறைந்தார். மகிழுந்து பின்னர் அமெரிக்கா சென்றது.

சக்கரத்தின் வரலாறு

1936ஆம் ஆண்டு மகிழுந்தின் சக்கர உறையில் இருந்தது மரத்துப் பால் என்பதில் ஐயமில்லை. செயற்கை இரப்பர் அமெரிக்கச் சக்கரங்களில் பெருமளவில் புகுந்தது, சப்பான் மலாயாவைப் பிடித்த 1942க்குப் பிறகுதான். அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் உலக இரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து சென்றது. அதனை மிகுதியாக வாங்கிய நாடு அமெரிக்கா. ஒஹாயோ மாநிலத்து அக்ரன் நகரின் ஆலைகள் அதனைச் சக்கர உறைகளாக்கின. இன்ன தோட்டத்துப் பால் இன்ன வண்டிக்குச் சென்றது என்று எவராலும் சொல்ல முடியாது. புகையூட்டிய தகடுகள் தரம் பிரிக்கப்பட்டுத் துறைமுகங்களில் ஒன்றோடொன்று கலந்துபோயின. தோட்டத் தொழிலாளியின் பெயர் முதன்முதலாக அழிந்த இடம் அதுவே எனலாம்.

விலை ஏறி இறங்கிய கதை கூலியோடு நேரடித் தொடர்புடையது. பிரித்தானிய அரசு 1922இல் கொணர்ந்த ஸ்டீவன்சன் திட்டம் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த, 1925இல் லண்டன் விலை ஓர் இராத்தலுக்கு நான்கு ஷில்லிங்கைத் தாண்டியது. சினமுற்ற அமெரிக்க முதலாளிகளுள் ஃபயர்ஸ்டோன் 1926இல் லைபீரியாவில் நிலம் பெற்றார். ஹென்றி ஃபோர்டு பிரேசில் காட்டில் ஃபோர்டுலாந்தியாவைத் தொடங்கினார். 1932இல் அதே இராத்தல் இரண்டு பென்னிக்கும் கீழே இறங்கியது. விலை ஏறியபோது மெல்ல நகர்ந்த கூலி, இறங்கியபோது விரைந்து இறங்கியது. 1920களின் இறுதியில் முக்கிய மாவட்டங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என வரையறுக்கப்பட்டிருந்த நாட்கூலி, 1930இல் 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. அதன்பின் மேலும் சரிந்தது. பல்லாயிரவர் கப்பலேற்றித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

இங்கு ஓர் எளிய கணக்கு. 1929இல் 'ஜே' வகை அடிச்சட்டகத்தின் விலை, பாடி நீங்கலாக, 8,500 அமெரிக்க டாலர். அன்றைய மாற்று மதிப்பில் இது ஏறத்தாழ 15,000 மலாயா வெள்ளி. நாளொன்றுக்கு 50 காசு பெற்ற ஆண் தொழிலாளி 30,000 நாள் உழைத்தால் இத்தொகை கிட்டும். ஆண்டுக்கு 300 நாள் வேலை கிடைத்தது என்று கொண்டாலும் நூறு ஆண்டு. பெண்ணுக்கு நூற்றிருபத்தைந்து ஆண்டு. இடைநிலைப்பள்ளி மாணவர் இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம். தோட்ட வரலாற்றை உருக்கமான சொற்களால் கற்பிப்பதைவிட இது பயன் தரும் என்பது என் கருத்து.

டூசன்பர்க்கின் பாடி லண்டனில் உருவான அதே 1936இன் இறுதியில், இந்திய அரசின் சார்பில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி மலாயாவுக்கு வந்து தோட்டத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்தார். 1937இல் வெளிவந்த அவரது அறிக்கை 50 காசு, 40 காசு என்னும் பழைய கூலியை மீண்டும் தரவேண்டும் என்றது. அதாவது, எட்டாண்டுக்கு முன்பு இருந்த நிலைக்குத் திரும்புவதே முன்னேற்றமாகக் கேட்கப்பட்டது. கூலி மீண்டும் ஆட்டங்கண்ட 1938இல், உதவிபெற்றுக் குடியேறுவதை இந்திய அரசு தடைசெய்தது.

மீளமைப்பில் எஞ்சுவதும் எஞ்சாததும்

1952இல் நிறுவப்பட்ட அமெரிக்கச் செவ்வியல் மகிழுந்துக் கழகம் இத்தகைய வண்டிகளுக்கு வரையறை வகுத்துள்ளது. 1950இல் தொடங்கிய பெபிள் பீச் போட்டி போன்றவற்றில் நடுவர்கள் திருகாணி முதல் தோல் இருக்கை வரை ஆராய்ந்து மதிப்பெண் இடுகின்றனர். பொறியின் எண் முதல் எண்ணாக இருக்கவேண்டும். பட்டுப்போன மரச்சட்டத்தில்கூட இயன்ற அளவு பழைய துண்டைக் காக்கின்றனர். சக்கர உறைக்கு இப்பேறு இல்லை. உயிர்வளியும் ஓசோனும் வெயிலும் பட்டு இரப்பர் வெடித்து இறுகிவிடும். பழைய உறையில் வண்டியை ஓட்டுவது உயிருக்குக் கேடு. ஆகவே டென்னசி மாநிலத்துக் கோக்கர் போன்ற நிறுவனங்கள் பழைய அச்சு வடிவில் வார்க்கும் புதிய உறைகளையே பூட்டுகின்றனர். இதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் உலோகத்தைக் கடைந்தவனின் கைவேலையும் தகட்டைத் தட்டியவனின் கைவேலையும் எஞ்ச, மரத்தை வெட்டியவளின் கைவேலை மட்டும் வேதியியல் விதியாலேயே நீங்கிவிடுகின்றது என்பது கருதத்தக்கது.

போர் இதனை இன்னும் விரைவுபடுத்தியது. 1942 தொடக்கத்தில் அமெரிக்க அரசு பங்கீட்டுக்குள் முதலில் கொண்டுவந்த பொருள் சக்கர உறை. அவ்வாண்டு சூன் மாதத்தில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் பழைய இரப்பரை எல்லாம் திரட்டித் தருமாறு மக்களைக் கேட்டார். வீட்டுக் கால்மிதியும் தேய்ந்த உறையும் மலைபோல் குவிந்தன. பால் வாங்க ஆளில்லாத மலாயாத் தோட்டங்களில் வேலையிழந்து நின்ற தமிழரைச் சப்பானியர் அடுத்த ஆண்டு சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுசென்றனர். சென்றவருள் திரும்பாதோர் பலர்.

அருங்காட்சியகப் பலகைகளில் அடிச்சட்டகம் செய்தவர், பாடி கட்டியவர், வடிவமைத்தவர் எனப் பெயர்கள் வரிசையாக இருக்கும். சக்கரத்துக்கு நேராக விற்பனைப் பெயர் மட்டும் இருக்கும். நெகிரி செம்பிலானில் சக்கர நிறுவனமான டன்லப்பே பகாவ் அருகில் கெடிஸ் தோட்டத்தை நடத்தியிருந்தும், தோட்டத்துக்கும் வண்டிக்கும் இடையேயான இவ்வழியை நம் ஆய்வுகள் தொடர்ந்து சென்றதில்லை. தோட்ட ஆய்வுகள் கங்காணி, லயம், கள்ளுக்கடை, தமிழ்ப்பள்ளி என்னும் எல்லைக்குள் நிற்கின்றன. மகிழுந்து வரலாறுகள் துறைமுகத்துக்கு அப்பால் தொடங்குகின்றன.

ராசாவைச் சுற்றிய நிலம் இன்று பெரும்பாலும் வீடமைப்புப் பகுதி. பெரட்டுக்கு விடியுமுன் எழுந்து, வெயில் ஏறுமுன் நிரை முடித்து, காண்டாக் கம்பில் பால்வாளி சுமந்தவர்களின் பிள்ளைகள் அவ்வீடுகளில் வாழ்கின்றனர். சிலர் வீட்டில் தாயின் உளியும், பால் பிடித்த பீங்கான் மங்கு ஒன்றும் இன்னும் கிடக்கக் காணலாம். மங்கில் ஒட்டி உலர்ந்த கட்டிப்பாலைச் சுரண்டி எடுத்தால், அதுவும் பழைய சக்கரம் போலவே வெடித்துப் பொடிந்திருக்கும்.