கோப்பி வண்டியும் தகனசாலையும்: ஜப்பானில் மதகுருமார் பயின்ற அனர்த்தப் பணி

2011 மார்ச் 11 பிற்பகல் 2.46க்கு வடகிழக்கு ஜப்பானில் பூமி அதிர்ந்தது. பின்னால் வந்த கடலில் இறந்தோரும் காணாமற்போனோரும் 18,000க்கு மேல். 2004க்குப் பிறகு சுனாமி என்ற ஜப்பானியச் சொல்லுக்கு எங்கட கரையோரத்தில் விளக்கம் தேவையில்லை.

ஜப்பானில் இறந்தவரை எரிப்பதே வழக்கம். ஆனால் மியாகி மாகாணத்துத் தகனசாலைகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. சுமார் 2,000 உடல்களைத் தற்காலிகமாக மண்ணில் புதைத்தார்கள். குடும்பங்களுக்கு அது பொறுக்கவில்லை. அந்த வருடம் முடியுமுன்பே அத்தனையையும் தோண்டியெடுத்துத் தகனம் செய்தார்கள். இதை வாசித்தபோது எனக்கு 2020தான் ஞாபகம். கொவிட்டில் மௌத்தானவங்களை எரிச்சதும், 2021 மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் மண் கிடைச்சதும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவங்க மண்ணுக்கு அழுதாங்க. நாங்க நெருப்புக்கு அழுதோம்.

1947இல் நடைமுறைக்கு வந்த ஜப்பானிய அரசியலமைப்பு அரசையும் மதத்தையும் பிரித்து வைத்தது. பொது இடங்களில் மதகுருமாரை அனுமதிக்க அதிகாரிகள் தயங்குவார்கள். இருந்தும் செண்டாய் நகரின் குசுஒக்கா தகனசாலையில் பௌத்தரும் கிறிஸ்தவரும் வேறு மதத்தவரும் கூடி, உறவினருக்காக ஓர் ஆலோசனை அறை நடத்தினார்கள். தனியொரு மதம் கேட்டிருந்தால் அந்தக் கதவு திறந்திருக்காது என்பது என் கணிப்பு.

குரிஹாராவைச் சேர்ந்த கனெத்தா என்ற பௌத்த குரு, தற்காலிக வீடுகளுக்குக் கோப்பியும் கேக்கும் வண்டியில் ஏற்றிப் போனார். பெயர் ‘கஃபே த மொங்கு’. ஆங்கிலத்தில் மங்க் என்றால் துறவி. ஜப்பானில் மொங்கு என்றால் முறைப்பாடு. போதனை இல்லை. வந்து குறை சொல்லுங்க, கேட்டுக்கொண்டிருக்கிறம் என்ற மாதிரி.

வீட்டோடு மரணப் பராமரிப்புச் செய்துவந்த டாக்டர் ஒகாபே தானும் புற்றுநோயாளி. இப்படியான மதகுருமாருக்கு ‘ரின்ஷோ ஷூக்கியோஷி’, அதாவது நோவுப்பட்டவர் பக்கத்தில் நிற்கும் மதகுரு, என்று பெயர் வைத்தவர் அவர். 2012இல் தொஹொக்கு பல்கலைக்கழகத்தில் நன்கொடைப் பணத்தில் இதற்கென ஒரு துறை தொடங்கியது. அதே ஆண்டு செப்டெம்பரில் அவர் காலமானார்.

பயிற்சியின் முதல் விதி, மதம் பரப்பக் கூடாது. துயரப்பட்டவரோடு பேசியதைச் சொல்லுக்குச் சொல் எழுதி, மற்ற மதத்தவர் முன்னால் வாசிக்க வேண்டும். அவர் அழத் தொடங்கின இடத்தில நீங்க ஏன் பேச்சை மாற்றினீங்க என்று கேட்பார்கள். பிரசங்கம் செய்து பழகினவங்களுக்கு லேசான பரீட்சையல்ல. தன் நம்பிக்கையை விட்டுவிடச் சொல்வதில்லை. அடுத்தவர் தன் மதத்துச் சடங்கைக் கேட்டால் அவருக்குரிய குருவை அழைத்துவரச் சொல்கிறார்கள். எங்கட உலமாக்களில் சிலர் இந்தப் பயிற்சியைச் சந்தேகத்தோடு பார்க்கக் கூடும். இந்த ஒரு விதியே அதற்குப் பதில்.

ஆனால் கேட்பது மட்டும் போதாத இடமும் உண்டு. 2020இல் எங்கட குடும்பங்களுக்குத் தேவைப்பட்டது கோப்பியல்ல, கபுறு. மியாகியிலும் உடல்களைத் தோண்டியெடுத்துக் கொடுத்தார்கள். அழுகிறதைக் கேட்டுவிட்டு மண்ணிலேயே விட்டுவிடவில்லை.

2004இல் கடல் கொண்டுபோன பிள்ளையின் ஜனாஸா கடைசிவரை கிடைக்காத உம்மாமார் எங்கட ஊர்களில் இருக்கிறாங்க. ஷாபிஈ மத்ஹபில் காயிப் ஜனாஸாத் தொழுகை உண்டு. ஸலாம் கொடுத்து எல்லாரும் எழும்பிப் போன பிறகு, அந்த உம்மாக்குப் பக்கத்தில இருக்கிறது யார்? எங்கட மத்ரஸாக்கள் அந்தப் பாடத்தை எந்த வகுப்பில வைக்கப்போகுது?