கண்ணைக் கேட்பதா, வீட்டைக் கேட்பதா?

வீட்டை அலங்கரிக்கப் பொருள் வாங்க இணையதளத்துக்கு வருகிறவருக்குத் தனக்கு எது பிடிக்கும் என்று தெரியும். அதைச் சொல்லத்தான் வராது. ‘மாடர்ன்’, ‘ரஸ்டிக்’, ‘பொஹிமியன்’ என்று பட்டியலை நீட்டினால், எதைத் தொடுவது என்று புரியாமல் விலை குறைந்த ஒன்றைத் தொட்டுவிட்டுப் போவார். இதற்கு இரண்டு வழிகள் உண்டு: கண்ணைக் கேட்பது, வீட்டைக் கேட்பது. திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலை மக்களுக்காக ஒரு தளம் வடிவமைப்பதாக வைத்துக்கொண்டு இரண்டையும் எடைபோடலாம்.

கண்ணைக் கேட்டவர்களில் முக்கியமான நிறுவனம் மோட்ஸி. ஷானா டெல்லர்மேன் 2015-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. பலவித அறைகளின் படங்களைக் காட்டி, பிடித்ததைச் சொல்லச் சொல்லும். பதில்களிலிருந்து ‘உங்கள் பாணி இது’ என்று பெயர் சூட்டும். பிறகு வாடிக்கையாளர் அனுப்பிய அறைப் படங்களைக் கொண்டு முப்பரிமாணத்தில் அதே அறையை உருவாக்கி, சோபாவையும் விளக்கையும் அதில் வைத்துக் காட்டும். 2022-இல் அந்தச் சேவை நின்றது. அதன் கேள்விமுறை மட்டும் வேறு பல தளங்களில் இன்றும் இருக்கிறது.

இருக்கக் காரணமும் உண்டு. ஒரு படத்தைப் பார்த்த நொடியில் மனம் ஏற்கிறது, அல்லது விலகுகிறது. ‘பிடிக்காதது எது?’ என்ற கேள்வி இன்னும் கூர்மையானது. விருப்பத்தில் தயங்குகிறவர்கள்கூட வெறுப்பைத் தயங்காமல் சொல்வார்கள்.

ஆனால் படக் குவியலில் எது இருக்கிறதோ அதிலிருந்துதான் விடை வரும். ஆத்தங்குடி டைல்ஸ் பதித்த தரை, கூடத்து ஊஞ்சல், சுவரோடு சேர்ந்த பூஜை அலமாரி, மூலையில் சுருட்டி நிறுத்திய பாய் இவற்றில் ஒன்றுமே இல்லாத இருபது படங்களை அடி அண்ணாமலைப் பெண்மணி ஒருவருக்குக் காட்டினால், தன் வீட்டுக்குச் சம்பந்தமில்லாதவற்றுள் குறைவாக உறுத்துவதைத்தான் அவர் தேர்ந்தெடுப்பார். தளம் அதற்கும் ஒரு பெயர் வைத்துவிடும். எனக்கு இது சிறிய குறையாகத் தெரியவில்லை. நாற்பது வருடம் ஒரு வீட்டை ஆண்ட மனுஷிக்கு அவருடைய ரசனையையே அந்நியமாக்கிக் கொடுக்கும் வேலை இது.

வீட்டைக் கேட்டது மரச்சாமான் விற்கும் ஐகியா. 2018 ஆகஸ்ட் 9 அன்று இந்தியாவில் தன் முதல் கடையை ஹைதராபாத்தில் திறக்கும் முன், ஏறத்தாழ ஆயிரம் இந்திய வீடுகளுக்கு ஆள் அனுப்பிப் பார்த்தது. இங்கே தண்ணீர் ஊற்றித் தரை கழுவுவார்கள் என்பதை அங்கேதான் கற்றார்கள். மரச்சாமான்களின் அடிப்பாகம் நனையாதபடி உயர்த்த வேண்டியிருந்தது. சமையல் மேடையின் உயரம் நம் பெண்களுக்கு ஏற்பக் குறைந்தது. மெத்தைக்குள் தென்னை நார் வந்தது. ‘உங்களுக்குப் பிடித்த பாணி எது?’ என்று ஆயிரம் பேரைக் கேட்டிருந்தாலும் தரையில் நிற்கும் தண்ணீரைப் பற்றி ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒரு இணையதளத்தால் வீடு வீடாகப் போக முடியாது. ஆனால் போனவர்கள் கண்ணில் பட்டதைக் கேள்வியாக மாற்றலாம். அடி அண்ணாமலையில் முதல் கேள்வி வெளிச்சத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். ஊர் மலைக்கு மேற்கே இருக்கிறது. மலை தெரிய வேண்டும் என்று ஜன்னல் வைத்தால் அது கிழக்கு பார்க்கும். சூரியன் மலையைத் தாண்டி ஏறிய பிறகே வெயில் உள்ளே வரும். மேற்கு அறையிலோ பிற்பகல் வெயில் நேராக விழும். அங்கே அடர்நிறத் திரைத்துணி சீக்கிரம் வெளுத்துப்போகும். அடுத்து, வீட்டில் யார் தரையில் உட்காருகிறார்கள்? பௌர்ணமிக்குக் கிரிவலம் வரும் உறவினர் எத்தனை பேர் தங்குவார்கள்? பத்துப் பேர் படுக்க வேண்டிய கூடத்தில் மூன்று பேர் உட்காரும் கனத்த சோபா இடத்தைத்தான் அடைக்கும். பவானி ஜமக்காளத்தையும் பத்தமடைப் பாயையும் அந்தக் குடும்பத்துக்கு இந்தக் காரணத்தோடு காட்ட வேண்டும். ‘பாரம்பரியம்’ என்று ஒரு முத்திரை குத்திக் காட்டினால் போதாது.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூவிடமிருந்தும் ஒரு கேள்வியைக் கடன் வாங்கலாம். 1963-இலும் 1967-68-இலும் 1,217 பேரிடம் ரசனை பற்றி ஆய்வு நடத்திய அவர், வீட்டுச் சாமான்களை எங்கே வாங்கினார்கள் என்றும் கேட்டார். பரம்பரையாக வந்ததும் ஒரு விடையாகவே இருந்தது. நம் வீடுகளுக்கு அது இன்னும் பொருந்தும். பீரோவும் கட்டிலும் சீராக வந்தவை, மர அலமாரி தாத்தா செய்வித்தது. இவற்றை வெளியே தூக்கிப் போடச் சொல்லும் பாணி எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த வீட்டுக்கு ஆகாது. எதை வைத்துக்கொள்வது என்று கேட்ட பிறகே எதை வாங்குவது என்று தளம் பேச வேண்டும்.

ஆகவே வீட்டைக் கேட்பதே முதலில் வர வேண்டும் என்பது என் முடிவு. ஆனால் அதோடு நின்றுவிட்டால் வீடு வசதியாக இருக்கும், மனம் நிறையாது. வீட்டுக்குப் பொருந்தாதவற்றைக் கேள்விகள் கழித்த பிறகு படங்கள் வரட்டும். அவற்றில் பாதியாவது நம் ஊர் அறைகளில் எடுத்தவையாக இருக்கட்டும். மலையடிவாரத்தில் வாடகைக்குத் தங்கும் வெளிநாட்டவருக்கும் வெளிமாநிலத்தவருக்கும் இந்த வரிசையே பொருந்தும், கேள்விகள்தான் வேறு. வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்க விடுவாரா, காலி செய்யும்போது சாமான்களைத் தங்களோடு எடுத்துப் போவார்களா என்று தொடக்கத்திலேயே கேட்டுவிட வேண்டும். ஆணி கூடாது என்றால் சுவரில் மாட்டும் பொருள்கள் அத்தனையும் வாடகைக்கு இருப்பவரின் திரையிலிருந்து விலகி, தரையில் நிற்கும் விளக்கும் மடித்து எடுத்துப்போகும் பாயும் முன்னால் வர வேண்டும்.