ஆறிய புண்ணும் ஆறாத குழாயும்

பெங்களூரில் வாழும் தமிழ் நேயர்கள் கிருஷ்ணராஜேந்திரச் சந்தைக்கு அருகில் நிற்கும் பழைய கோட்டை வாயிலைக் கண்டிருப்பர். 1791ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள் காரன்வாலிஸ் பிரபுவின் படை திப்பு சுல்தானின் பேட்டையைக் கைப்பற்றிற்று. 21ஆம் நாள் இரவு கோட்டைக்குள் புகுந்தது. மதில் உடைபட்ட இடத்தை ஒரு கல்வெட்டு குறிக்கிறது. வென்றவர் யார் என்பதை நாட்டு வரலாறு கூறும். குண்டடிபட்ட சிப்பாய்களின் கைகால்கள் என்னவாயின என்பதை அறிய மருத்துவ வரலாற்றை நாட வேண்டும்.

குண்டுக் காயத்தில் பெருகும் குருதி எவர் கண்ணுக்கும் புலப்படும். அரிதான சில கேடுகளோ புண் ஆறிய பின்னரே தலைகாட்டும். தமனியின் சுவர் கிழிந்து, கசிந்த குருதியைச் சுற்றுத்தசை அடக்கிக்கொண்டால், நாடியோடு துடிக்கும் வீக்கம் தோன்றும். அதனைச் சீழ்க்கட்டி என்றெண்ணிக் கீறினால் உயிருக்கே ஆபத்து. தமனியும் அருகிலுள்ள சிரையும் ஒருங்கே துளைபட்டால், குருதி குறுக்கு வழியில் இதயத்திற்குத் திரும்பும். நாளடைவில் இதயம் களைத்துவிடும். மிக அரிதாகக் குண்டே குழாயினுள் புகுந்து, குருதியோட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டு வேறிடத்தில் தங்கும்.

இவற்றை முன்னோர் கையாலும் காதாலுமே அறிந்தனர். தமனியும் சிரையும் இணைந்த இடத்தில் அதிர்வும் இரைச்சலும் உண்டென்று 1757இல் வில்லியம் ஹண்டர் எழுதினார். அவர் கண்டது குருதி வாங்கிய கத்தியால் நேர்ந்த காயம். துளையை அழுத்தினால் நாடி மெதுவாகும் என்பதை, தொடையில் குண்டடிபட்ட ஒருவரிடம் 1890இல் பிரானம் கண்டார். 1895இல் எக்ஸ்ரே பிறந்தது. 1897–98இல் வடமேற்கு எல்லையின் திரா போரிலேயே குண்டைத் தேட அது பயன்பட்டது. உட்புகுந்த துளை இருந்து, வெளியேறிய துளை இல்லாமல், படத்திலும் அவ்விடத்தில் குண்டு தென்படாவிடின், மருத்துவர் உடலின் பிற பகுதிகளையும் படமெடுத்துத் தேடுவார். 1927இல் எகஸ் மோனிஸ் மருந்து செலுத்தி மூளையின் குழாய்களைப் படமெடுத்துக் காட்டினார். இன்று ஒலியலைக் கருவியும் சி.டி. படமும் துளையின் இடத்தையே சுட்டுகின்றன.

இடம் தெரிந்ததால் என்ன பயன்? இரண்டாம் உலகப் போரில் தமனியைக் கட்டிவிடப்பட்ட அமெரிக்க வீரர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் உறுப்பை இழந்தனர். குழாயைத் தைத்துச் சீராக்கிய கொரியப் போரில் அவ்விழப்பு நூற்றுக்கு 13 அளவிற்குக் குறைந்தது.

அல்சூர் ஏரிக்கரையை அடுத்த சென்னைப் பொறியாளர் படையில் நம்மவர் பலர் தொண்டாற்றியுள்ளனர். பழைய காயத்தழும்பின் அடியில் துடிப்போ இரைச்சலோ உணரும் முதியவர், அதனை முதுமையின் குறையென்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் கூறுதல் நன்று.